அத்தியாயம் 11: இன்டர்வியூ முடிந்த அன்று மாலை

இன்டர்வியூ அறையை விட்டு வெளியே வந்ததும் பலரும் முதலில் செய்வது வீட்டுக்குப் போன் போடுவதுதான். "எப்படிப் பண்ணினே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். வீடு போய்ச் சேர்வதற்குள் உள்ளே பேசியதில் பாதி மறந்துபோகும். இந்த அத்தியாயம் நேர்காணலுக்குப் பிறகு அனுப்பும் நன்றிச் செய்தியைப் பற்றியது. அந்தச் செய்தி உருப்படியாக அமைவதும் அமையாததும் வெளியே வந்த முதல் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

வீட்டுக்குப் பிறகு பேசலாம். கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையிலோ பஸ் நிறுத்தத்திலோ உட்கார்ந்து மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் யார் இருந்தார்கள், அவர்களுடைய பதவி என்ன, எந்தக் கேள்வியில் அதிக நேரம் நின்றார்கள், நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், முடிவை எப்போது சொல்வதாகச் சொன்னார்கள். இவற்றோடு மிக முக்கியமாக, தங்கள் வேலையில் உள்ள சிரமம் என்று அவர்களாகவே எதைச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். ஏறக்குறைய எல்லா நேர்காணலிலும் அப்படி ஒரு வாக்கியம் வந்துவிழும். "நைட் ஷிஃப்டுக்கு ஆள் நிற்பதில்லை" என்பார் மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர். "ஏழாம் வகுப்பு வந்தும் பின்னம் புரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்பார் பள்ளி முதல்வர். "கிளையன்ட் கடைசி நேரத்தில் மாற்றம் சொல்வார், அதைத் தாங்க வேண்டும்" என்பார் டீம் லீடர். நன்றிச் செய்தியில் எழுதத் தகுந்த விஷயம் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இதனால் வேலை கிடைக்குமா?

நன்றி சொன்னதற்காக யாரும் வேலை கொடுப்பதில்லை. பெரிய நிறுவனங்களில் நேர்காணல் செய்தவர்கள் தங்கள் மதிப்பீட்டை அன்றோ மறுநாளோ கணினியில் பதிந்துவிடுகிறார்கள். அதில் நன்றிக்கென்று மதிப்பெண் கட்டம் எதுவும் கிடையாது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் வந்தவரை ஒரு மெயில் காப்பாற்றாது. இதைத் தெரிந்துகொண்டு எழுத உட்கார்ந்தால் எழுத்தில் கெஞ்சல் வராது.

பிறகு ஏன் எழுத வேண்டும்? மூன்று சூழ்நிலைகளில் அது உண்மையாகவே பயன்படுகிறது. முதலாவது, இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக நிற்கும்போது. இருவரில் யாருக்கு இந்த வேலையில் உண்மையான விருப்பம் என்று தேர்வு செய்பவர் யோசிக்கும் நேரத்தில், அவர் சொன்ன பிரச்சினையையே நினைவில் வைத்து எழுதியவரின் பெயர் முன்னால் வரும். இரண்டாவது, அந்த இடமே கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்படும்போது. பட்ஜெட் வரவில்லை, பொசிஷன் ஹோல்டில் இருக்கிறது என்பார்கள். இரண்டு மாதம் கழித்துத் திறக்கும்போது பழைய மெயிலைத் தேடுவார்கள். மூன்றாவது, முதலாளியே நேரில் ஆள் எடுக்கும் சிறிய நிறுவனங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் பம்ப் பட்டறை, சிவகாசி அச்சகம், ஊருக்குள் இருக்கும் ஆடிட்டர் அலுவலகம் இவற்றிலெல்லாம் மதிப்பீட்டுப் படிவம் எதுவும் இல்லை. ஆளின் பேச்சும் நடத்தையும்தான் படிவம். நன்றிச் செய்தி அதிகம் வேலை செய்வது இங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் ஐ.டி. துறைக்குப் போகிறவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். சிறிய நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

யாருக்கு, எந்த வழியில்

ஹெச்.ஆர். எந்த வழியில் உங்களோடு பேசினாரோ அதே வழியில் போங்கள். மெயிலில் அழைத்திருந்தால் அந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். புதிய மெயில் எழுதினால் நீங்கள் எந்தப் பதவிக்கு எந்த நாளில் வந்தீர்கள் என்று அவர் தேட வேண்டியிருக்கும். வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்பி வரச் சொன்னவருக்கு வாட்ஸப்பே போதும். 'நோ ரிப்ளை' என்று முகவரியிலேயே எழுதியிருக்கும் மெயிலுக்குப் பதில் போட்டுப் பயனில்லை, அது யாரையும் போய்ச் சேராது. கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் கன்சல்டன்சிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். அவரைத் தாண்டி நேராக நிறுவனத்துக்கு எழுதினால் அவருக்கு மனத்தாங்கல் வரும்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் காலண்டர் அழைப்பிலேயே பங்கேற்றவர்களின் மெயில் முகவரிகள் பெரும்பாலும் தெரியும். நேர்காணல் முடிவதற்கு முன்பே அதைத் திறந்து பெயர்களின் எழுத்துக்கோவையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். லட்சுமி என்ற ஒரு பெயருக்கே நாலைந்து எழுத்துக்கோவை உண்டு. அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவதுதான் சரி.

மூன்று பேர் இருந்த பேனலில் மூவருக்கும் ஒரே மெயிலை நகலெடுத்து அனுப்பாதீர்கள். அடுத்தடுத்த மேசையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் கேட்டதைத் தொட்டுத் தனித்தனியாக எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் ஹெச்.ஆருக்கு ஒன்று எழுதி, மற்றவர்களுக்கும் என் நன்றியைத் தெரிவியுங்கள் என்று ஒரு வரி சேருங்கள், அதுவே போதும். முகவரி தரப்படாத மேலாளரின் சொந்த எண்ணை யாரிடமாவது கேட்டு வாங்கி மெசேஜ் போடுவதும், அவருடைய முகநூல் பக்கத்தில் போய் எழுதுவதும் வேண்டாம். லிங்க்ட்இன்னில் எழுதலாம், அது வேலைக்கான இடம்.

ஒருவரை மட்டும் மறக்கவே கூடாது. உங்கள் ரெஸ்யூமேயை உள்ளே கொடுத்து ரெஃபர் செய்த நண்பர் அல்லது சீனியர். முதல் செய்தி அவருக்குப் போக வேண்டும். "இன்டர்வியூ முடிந்தது அண்ணா, நல்லபடியாகப் போனது, இன்னின்னது கேட்டார்கள், ரொம்ப நன்றி" என்று அன்று மாலையே சொல்லுங்கள். அவர் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். ஹெச்.ஆர். அவரிடம் ஏதாவது கேட்டால் விவரம் தெரியாமல் விழிக்கும்படி அவரை விட்டுவிடாதீர்கள்.

எப்போது

அன்று மாலை அல்லது மறுநாள் முற்பகல். அதற்கு மேல் தள்ளினால் பயன் குறைந்துகொண்டே போகும். அறையை விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே அனுப்பினால், முன்பே எழுதி வைத்ததை அனுப்பியதுபோல் ஆகிவிடும். இரவு பதினொரு மணிக்கு எழுதி முடித்தால் ஜிமெயிலில் ஷெட்யூல் செய்து காலை ஒன்பதரைக்குப் போகும்படி வையுங்கள். ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் உள்ள அமெரிக்க நிறுவனங்களின் மையங்களுக்கு நேர்காணல் கொடுப்பவர்கள் அமெரிக்க நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கலிபோர்னியா நமக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நம் வெள்ளிக்கிழமை இரவு அவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை. அப்போது அனுப்பினால் படித்துவிடுவார்கள். நம் சனிக்கிழமை காலையில் அனுப்பினால் அவர்களுக்கு வெள்ளி மாலை, அநேகமாகத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அமெரிக்காவில் இந்த நன்றி மெயில் வெகு காலமாக இருக்கும் வழக்கம். வராவிட்டால் கவனிக்கும் மேலாளர்களும் அங்கே உண்டு. அவர்களுக்கு எழுதும்போது 'சார்' போட வேண்டாம், நேர்காணலில் அழைத்ததைப் போல முதல் பெயரே சரியான மரியாதை.

என்ன எழுதுவது

முதலில், எப்படி எழுதக் கூடாது என்பதைப் பார்ப்போம். இது போன்ற மெயில்கள் ஏராளமாகப் போய்க்கொண்டிருக்கின்றன:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு இந்தப் பொன்னான வாய்ப்பை அளித்தமைக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன். நான் கடின உழைப்பாளி. எனக்கு இந்த வேலை மிகவும் அவசியம். குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பெயரை மாற்றினால் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். அதுதான் இதன் முதல் குறை. இரண்டாவது குறை அதைவிடப் பெரியது: நன்றியாகத் தொடங்கி விண்ணப்பமாக முடிகிறது. குடும்பக் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலை கொடுப்பவர் கையில் இருப்பது ஒரு பணியிடம். அந்த இடத்துக்கு நீங்கள் பொருத்தமா என்பதை மட்டும்தான் அவர் பார்க்க முடியும். கெஞ்சும் மெயில் அவரைச் சங்கடத்தில் தள்ளும், உங்கள் தகுதியையும் நீங்களே குறைத்துக் காட்டியதாகும்.

இப்போது இன்னொன்று. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனவர், முதலாளிக்கு அன்று மாலை வாட்ஸப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"வணக்கம் சார். இன்று காலை அக்கவுண்ட்ஸ் வேலைக்காக உங்களைச் சந்தித்தேன். யூனிட்டைச் சுற்றிக் காட்டி விளக்கமாகப் பேசியதற்கு நன்றி. ஜாப் ஒர்க் பில்கள் ஜி.எஸ்.டி. 2பி-யில் ஏறாமல் நிற்பதால் இன்புட் தாமதமாகிறது என்று சொன்னீர்கள். நான் இப்போது இருக்கும் இடத்திலும் அந்தப் பிரச்சினை இருந்தது. 14ஆம் தேதி 2பி வந்தவுடன் டேலியில் உள்ள கொள்முதலோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களின் பட்டியலை அன்றே அந்தந்த சப்ளையருக்கு அனுப்பி, போன் செய்துவிடுவோம். அதன் பிறகு நிலுவை குறைந்தது. அந்த எக்ஸெல் வடிவத்தைத் தேவைப்பட்டால் நேரில் காட்டுகிறேன். நன்றி சார்."

கடைசியில் தன் பெயரும் ஊரும். அவ்வளவுதான். இதை வேறு எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப முடியாது. முதலாளி சொன்ன சிரமம் இதில் இருக்கிறது, அதை ஏற்கெனவே கையாண்ட அனுபவம் இருக்கிறது, வேலை கொடுங்கள் என்ற வார்த்தை எங்கும் இல்லை. அதைச் சொல்லாமலே இவர் தன்னைப் பரிந்துரைத்துவிட்டார். பழைய நிறுவனத்தின் கணக்கு விவரம் எதையும் வெளியே விடவில்லை என்பதையும் கவனியுங்கள். எக்ஸெல் வடிவம் என்றால் வெற்றுப் படிவம்தான். அதில் பழைய நிறுவனத்தின் எண்கள் இருந்தால் காட்டவே கூடாது.

உங்களுக்கு முன் அனுபவம் இல்லையென்றால் இப்படி ஒரு தீர்வைச் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். படித்து முடித்து வரும் ஆசிரியை, பின்னத்தைப் பற்றி முதல்வர் சொன்னதை நினைவுபடுத்தி, "டெமோ வகுப்பில் நீங்கள் சொன்னதைக் கவனித்துக்கொண்டேன். காகிதத்தை மடித்துக் காட்டிய பிறகுதான் பிள்ளைகள் கை தூக்கினார்கள். அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குவேன்" என்று எழுதினால் போதும். கற்றுக்கொள்ளும் மனம் தெரிகிறது. புதியவரிடம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

நீளம் ஐந்து முதல் எட்டு வாக்கியம். மொபைல் திரையில் ஒரு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். சம்பளம், நோட்டீஸ் பீரியட், எந்தத் தேதியில் சேர முடியும் போன்றவற்றை இதில் கொண்டுவராதீர்கள். அவர்கள் கேட்கும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம். ரெஸ்யூமேயை மறுபடி இணைக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட சான்றிதழ் ஏதாவது இருந்தால் மட்டும் இணையுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ரெஸ்பெக்டட் சார்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', 'எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்' போன்றவை நாம் பள்ளியில் விடுமுறை விண்ணப்பம் எழுதிப் பழகிய காலத்திலிருந்து கூடவே வருகின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். நீங்கள் நேரில் பேசிய ஆங்கிலம் எவ்வளவு எளிமையானதோ அவ்வளவு எளிமையாகவே மெயிலும் இருக்கட்டும். பேச்சில் ஒரு தரம், மெயிலில் வேறொரு தரம் இருந்தால் யாரோ எழுதிக்கொடுத்தது என்று உடனே தெரியும். சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய மெயிலுக்கும் இதே கதிதான். பத்துப் பேர் ஒரே மாதிரி கேட்டால் பத்துப் பேருக்கும் ஏறக்குறைய ஒரே மெயில் வரும், அவை ஒரே ஹெச்.ஆரிடம் போய்ச் சேரும். பிழை திருத்த அதைப் பயன்படுத்துங்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும், அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அனுப்புவதற்கு முன் மெயில் யாருடைய பெயரில் போகிறது என்று பாருங்கள். பிரவுசிங் சென்டரில் திறந்து கொடுத்த கணக்கு, அண்ணனின் கணக்கு, கல்லூரி முதலாண்டில் விளையாட்டாக வைத்த பெயர் இவற்றையே இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடிக்கு மாற்றிக்கொண்டால், அனுப்பியதும் கண்ணில் படும் பிழையைத் தடுத்து நிறுத்தலாம். வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம். ஆனால் திருத்தப்பட்டது என்று கீழே காட்டும். அதனால் முதலில் நோட்ஸில் எழுதி, பெயரைச் சரிபார்த்து, பிறகு ஒட்டுங்கள்.

தவறாகச் சொன்ன பதில்

நேர்காணலில் ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டு, படியிறங்கும்போது சரியான பதில் நினைவுக்கு வருவது எல்லோருக்கும் நடக்கிறது. அதைச் சரிசெய்ய நன்றிச் செய்தியைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அளவோடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் போன டிப்ளமோக்காரர், எம்.டி.பி.எஃப், எம்.டி.டி.ஆர் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். முதலாவது இரண்டு பழுதுகளுக்கு இடையே இயந்திரம் ஓடும் சராசரி நேரம், இரண்டாவது பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரம். மெயின்டனன்ஸ் பிரிவில் தினமும் புழங்கும் சொற்கள் இவை. அவர் இப்படி எழுதலாம்:

"எம்.டி.பி.எஃப், எம்.டி.டி.ஆர் இரண்டையும் இன்று மாற்றிச் சொல்லிவிட்டேன். பிரஸ் ஷாப் உதாரணத்தில் நீங்கள் கேட்டது பழுது நீக்கும் நேரத்தைப் பற்றி, அது எம்.டி.டி.ஆர். அதைக் குறைக்க ஸ்பேர் பாகங்களை முன்கூட்டியே லைன் அருகில் வைப்பதுதான் முதல் வழி என்று நினைக்கிறேன்."

மூன்று வரி. பதற்றமாக இருந்தது, இரவு தூக்கமில்லை, பஸ் தாமதம் என்ற காரணங்கள் எதுவும் இல்லை. தவறு இது, சரி இது என்று நேராகச் சொல்கிறார். இயந்திரப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குணம் பிடிக்கும். தவறை மறைக்கும் ஆளால் ஆலையில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்தாறு பதில்கள் தவறியிருந்தால் எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டாம். மிக முக்கியமான ஒன்றை மட்டும் எடுங்கள். தெரியாது என்று நேர்மையாகச் சொன்ன கேள்விக்கு வீட்டில் படித்துப் பதில் கண்டிருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

அனுப்பக் கூடாத இடங்கள்

அரசுப் பணித் தேர்வாணையங்களின் நேர்முகத் தேர்வு முடிந்தபின் உறுப்பினர்களுக்கு நன்றி மெயில், வாட்ஸப், கடிதம் எதுவுமே கூடாது. யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளைப் படித்துப் பாருங்கள். தேர்வில் செல்வாக்குச் செலுத்த எந்த வகையில் முயன்றாலும் விண்ணப்பதாரர் தகுதி இழப்பார் என்ற எச்சரிக்கை அவற்றில் இருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தில் அனுப்பிய நன்றியும் அந்த வரியின் கீழ் வந்துவிடக் கூடும். பொதுத்துறை வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இதையே கடைப்பிடியுங்கள். அறையை விட்டு எழும்போது வாயால் சொல்லும் நன்றியே அங்கு முழுமையானது. ஒன்றிய அரசின் கெஜட் தகுதி பெறாத பி பிரிவு, சி பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது என்பதால், அந்தத் தேர்வுகளை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கல்லூரி வளாகத் தேர்வில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நாளில் பார்க்கிறார்கள். அங்கே நேர்காணல் செய்தவரைத் தேடிப் பிடிப்பதைவிட, பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் நன்றி சொல்லிவிட்டு வருவதே சரி. அவர்தான் அடுத்த நிறுவனத்தையும் அழைத்து வரப்போகிறார்.

எந்த இடமானாலும் ஸ்வீட் பாக்ஸ், புத்தகம், சால்வை என்று எதுவும் எடுத்துப் போகாதீர்கள். உங்கள் நன்றி மெயில் போன மறுநாள் மாமாவுக்குத் தெரிந்த ஒரு மேலதிகாரி போன் செய்து "நம்ம பையன்தான், பாத்துக்கோங்க" என்று சொல்லும்படியும் விடாதீர்கள். அதுவரை தகுதியால் நின்ற உங்கள் பெயர் அந்த ஒரு போனில் சிபாரிசுப் பெயராகிவிடும். வீட்டில் இருப்பவர்கள் அன்பினால்தான் இதைச் செய்கிறார்கள். முன்கூட்டியே அவர்களிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு

நன்றிச் செய்திக்குப் பதில் வராது என்று நினைத்துக்கொண்டே அனுப்புங்கள். பலர் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள், சிலர் ஒரு கைகூப்பும் படத்தோடு முடித்துக்கொள்வார்கள். இரண்டிலிருந்தும் எதையும் ஊகிக்க முடியாது. நீல டிக் வந்துவிட்டதே என்று மறுபடி "சார், பார்த்தீர்களா?" என்று கேட்பது நல்லதல்ல. முடிவு சொல்வதாக அவர்கள் குறிப்பிட்ட நாள் கடந்து இரண்டு வேலை நாள் ஆன பின், அதே மெயிலின் கீழ் ஒரு முறை கேளுங்கள். நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் பத்து நாள் பொறுத்துக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்த நேர்காணலுக்குத் தயாராகுங்கள்.

தேர்வாகவில்லை என்று மெயில் வந்தாலும் ஒரு பதில் எழுதுங்கள். "தெரிவித்ததற்கு நன்றி. என்னிடம் எந்தப் பகுதி குறைவாக இருந்தது என்று ஒரு வரி சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும். பொருத்தமான இடம் பின்னால் வந்தால் என்னையும் நினைவில் வையுங்கள்." இவ்வளவு போதும். தேர்வானவர் வேறு நல்ல ஆஃபர் கிடைத்துக் கடைசி நேரத்தில் சேராமல் போவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அப்போது ஹெச்.ஆர். அடுத்த பெயரைத் தேடுவார். கோபமாக எழுதியவரையும் பதிலே எழுதாதவரையும் தாண்டி, மரியாதையாகப் பதில் எழுதியவரை அழைப்பது அவருக்கு எளிது.

வேலை கிடைத்துவிட்டால், ஆஃபர் லெட்டர் வந்த அன்றே உங்களை ரெஃபர் செய்தவருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். பல நிறுவனங்களில் அவருக்கு முடிவை யாரும் தேடிவந்து சொல்வதில்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.